மழை நாளில் பிள்ளையை யார் கையில் விடுகிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மாரி தொடங்கினால் எனக்கு 2024 நவம்பர் 26தான் ஞாபகம் வரும். நிந்தவூர் மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகள், மழைக்கு லீவு கிடைத்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பினார்கள். மாவடிப்பள்ளி வீதிக்குக் குறுக்கே வெள்ளம் பாய்ந்தது. ஏறிய உழவு இயந்திரத்தை அது அடித்துப் போனது. மாணவர் ஆறு பேர் உட்பட எட்டு ஜனாஸா. மத்ரஸா அதிபர் உள்ளிட்டோர் கைதானார்கள். முகநூலில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினோம். நானும்தான்.

எழுதும்போதே உள்ளுக்குள் உறுத்தியது. சில வருசங்களுக்கு முன் வேறொரு பாடசாலையில் நானும் அடைமழையில் வகுப்பைக் கலைத்து அனுப்பியவன். வயல் பக்கத்துப் பிள்ளையொன்று மஃரிபுக்குப் பிறகுதான் வீடு சேர்ந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

"மறித்து வைத்திருக்கலாமே" என்கிறோம். மறித்து வைத்தும் பிள்ளைகள் மௌத்தாகியிருக்கிறார்கள். 2007 மார்ச் 1, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் என்டர்பிரைஸ் உயர்தரப் பாடசாலை. டொனேடோ எச்சரிக்கை வந்ததும் மாணவர்களை உள்ளேயே வைத்திருந்தார்கள். அடித்த சுழல்காற்றில் நடைபாதைச் சுவரும் கூரையும் விழுந்து எட்டு மாணவர்கள் போனார்கள். அங்கே எழுந்த கேள்வி, "ஏன் முன்னமே வீட்டுக்கு அனுப்பவில்லை?" 2010இல் அந்த மாநிலம், புதிதாகக் கட்டும் பாடசாலைகளில் புயலுக்குத் தாங்கும் இடம் இருக்க வேண்டுமென்று சட்டம் போட்டது.

எங்களுக்கு டொனேடோ இல்லை, தண்ணிதான். எந்த வீதி எப்போது மூடும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எந்தப் பிள்ளை எந்த வீதியால் வருகுது என்று எத்தனை பாடசாலையில் எழுதி வைத்திருக்கிறோம்? மழை கொட்டும் நேரத்தில் ஒரு அதிபர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியே முடிவெடுக்கிறார். அது அவருக்கும் அநியாயம்.

வினாயகபுரத்தில் எங்கள் வகுப்புக்கு அந்தப் பட்டியலை நான் தொடங்கியிருக்கிறேன். பிள்ளை, வரும் வீதி, கூட்டிப் போகக்கூடியவர், அவரின் இலக்கம். கூட்டிப் போக ஆள் வராவிட்டால் பிள்ளை எங்களோடு மேல்மாடியில் இருக்கும். அதற்குப் பாயும் பிஸ்கட்டும் குடிதண்ணியும் வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், மத்ரஸா என்றால் பள்ளி நிர்வாகமும் ஒக்டோபருக்குள் ஒரு கூட்டம் போட்டால் முடிகிற வேலை.

வாப்பாமார், உம்மாமார், அம்மா அப்பாமாரே, நாளைக்கே வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்: மழை நாளில் என் பிள்ளையை யார் கையில் விடுவீங்க? பதில் இல்லையென்றால் கோபப்படாதீங்க, பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுங்க.