எள்ளு நம்மது, எண்ணெய் யாருக்கு?

மாதவிடாய் நின்ற பிறகு தோல் வறண்டு ராத்திரியெல்லாம் அரிக்குதுன்னு அம்மாக்கள் சொன்னா, "வயசானா அப்படித்தான்"னு ஒதுக்கிடுறோம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் தோலின் ஈரப்பசையும் குறைகிறது. ஆயுர்வேதம் இதை வாதம் கூடிய வறட்சியாகப் பார்க்கிறது; அதற்கு முதலில் சொல்வது நல்லெண்ணெய். இளஞ்சூடாகத் தேய்த்து, அரைமணி ஊறி, வெதுவெதுப்பான நீரில் குளிக்கணும். சோப்புக்குப் பதில் பாசிப்பயறு மாவு போதும். நீர் வடியும் புண்ணுக்கு எண்ணெய் ஆகாது. வாரக்கணக்கில் அரிப்பு நிற்கலைன்னா சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் பரிசோதனை அவசியம்.

களத்து எள்ளை மொத்தமா மூட்டை கட்டி வித்துட்டு, வீட்டுக்குப் பாக்கெட் எண்ணெய் வாங்குவது என்ன இயற்கை விவசாயம்? 10 கிலோ எள்ளைச் செக்கில் ஆட்டினால் சுமார் 4 லிட்டர் கிடைக்கும். களையெடுத்த கைகளுக்கு அதை முதலில் எடுத்து வைப்போம். மிச்சம்தான் சந்தைக்கு.