மெர்லோ திராட்சை: நடும் முன் கணக்குப் பாருங்கள்

நகரங்களில் சிவப்பு ஒயினுக்கு மவுசு கூடி வருகிறது. பெங்களூரிலும் மும்பையிலும் 'மெர்லோ' என்று பெயர் போட்ட புட்டிகள் நல்ல விலைக்குப் போகின்றன. இதைக் கேள்விப்பட்டு, "மல்லாட்டையும் நெல்லும் போட்டு என்ன கண்டோம்? அந்த ஒயின் திராட்சையை நாமும் போட்டால் என்ன?" என்று செஞ்சி வட்டார விவசாயிகள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி இதில் இறங்கக் கூடாது என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

மெர்லோ, பிரான்சு நாட்டில் போர்டோ பகுதியைச் சேர்ந்த கருந்திராட்சை. நாம் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் போர்டோ கலவை பிறந்த அதே ஊர்தான். துவர்ப்புக் குறைந்த மென்மையான ஒயின் தருவதால் புதிதாகக் குடிக்கத் தொடங்குகிறவர்களுக்கு மெர்லோ பிடித்துப்போயிற்று. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த பிறகு விற்பனை ஏறியது. 2015-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 2,66,000 ஹெக்டேரில் மெர்லோ இருந்தது.

ஏறிய மோகம் இறங்கவும் செய்தது. 2004-ல் வந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தில் கதாநாயகன் மெர்லோவை இகழ்ந்து பேசினான். அங்கே அதன் மதிப்புக் குறைந்தது. இதயத்துக்கு நல்லது என்ற பேச்சும் நிலைக்கவில்லை. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. அதே ஆண்டு போர்டோ பகுதியில், ஒயின் தேங்கிக் கிடந்ததால், திராட்சைக் கொடிகளைப் பிடுங்கி எறிய ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுக்கும் திட்டம் வந்தது. அங்குள்ள தோட்டங்களில் பாதிக்கு மேல் மெர்லோதான். பிறந்த ஊரிலேயே பணம் கொடுத்துப் பிடுங்கச் சொல்கிறார்கள் என்றால், இங்கே கடன் வாங்கி நடுவதற்கு முன் யோசிக்க வேண்டாமா?

நம் நாட்டு அனுபவமும் இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2001-ல் ஒயின் தொழிலுக்குச் சலுகைகள் அறிவித்தது. நாசிக் பகுதியில் ஆலைகள் பெருகின. விவசாயிகள் போட்டி போட்டு ஒயின் இரகங்களை நட்டனர். 2008-க்குப் பின் பொருளாதார மந்தம் வந்து விற்பனை விழுந்ததும் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. பலர் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்கு மாறினர். இப்படிப்பட்ட வேளையில் தாக்குப்பிடிக்க ஆலையோடு எழுத்தில் ஒப்பந்தமும், பழமாகவே விற்கும் இரகங்களும் கையில் இருப்பது நல்லது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாசிக் ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் உள்ளது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அருகில் உள்ள ஒயின் தோட்டங்கள் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளன. இரவு குளிர்ந்தால்தான் பழத்தில் புளிப்பும் நிறமும் மணமும் தங்கும். ஒயினுக்கு அதுதான் வேண்டும். செஞ்சி சமவெளியோ சில நூறு அடி உயரம்தான். கோட்டை மலைப் பாறைகள் பகல் சூட்டை இரவிலும் கக்குவதை நீங்கள் அறிவீர்கள். இந்தச் சூட்டில் சர்க்கரை ஏறும், புளிப்பு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிச்சாம்பல் நோய் வேறு வரும். மெர்லோ அதைத் தாங்காது.

விற்பனைதான் எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல். நெல்லையோ மணிலாவையோ செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இறக்கினால் பல வியாபாரிகள் ஏலம் கேட்பார்கள். மெர்லோ பழம் சிறியது, விதையுள்ளது. பழக்கடையில் யாரும் சீந்த மாட்டார்கள். வாங்குவது ஒயின் ஆலை ஒன்றுதான். அது வாங்க மறுத்தால் பழம் கொடியிலேயே அழுகும். அரசு உரிமம் இல்லாமல் நீங்களே ஒயின் செய்யவும் முடியாது. தரம் வேண்டும் என்பதற்காக ஒயின் இரகங்களில் விளைச்சலையும் ஏக்கருக்கு நாலைந்து டன்னோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

திராட்சை மீது ஆசை இருந்தால் பன்னீர் திராட்சையைப் பாருங்கள். இதுவும் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் தமிழகத்துக்குக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் இரகம்தான். தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பள்ளத்தாக்கில் ஒயின் ஆலை வந்த பிறகும் பெரும்பகுதி பழமாகவே விற்கிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 12 டன் வரை எடுக்கலாம். விலை ஒரு பக்கம் சரிந்தாலும் புதுச்சேரி, திண்டிவனம், திருவண்ணாமலைக் கடைகள் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

பன்னீருக்கும் அகலக் கால் வைக்காதீர்கள். கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்ளுங்கள்:

1. 25 செண்டுக்கு மேல் தொடங்க வேண்டாம். கல்தூண், கம்பி, பந்தல் என்று முதல் ஆண்டிலேயே பணம் முடங்கும். மீதி நிலத்தில் வழக்கமான பயிர் இருக்கட்டும்.

2. நடும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். உப்பு நீரானால் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்று தேவை.

3. மார்கழி, தை மாதங்களில் ஒரு கவாத்தும், வைகாசி, ஆனியில் ஒரு கவாத்தும் செய்யுங்கள். காய் பருவம் பெருமழையில் சிக்காது.

4. ஒரு சத போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து அன்றே தெளிக்கவும்.

ஒயின் ஆலைக்கு ஆள் சேர்க்கிறோம் என்று யாராவது கன்றுடன் வந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன விலை? எத்தனை ஆண்டுக்கு? வாங்காவிட்டால் நட்டஈடு யார் கொடுப்பது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தமிழகத்தில் 2019-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கையெழுத்திடும் முன் அந்தத் தாளைத் திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநரிடமோ காட்டுங்கள்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். பின்னால் பார்க்கும் கணக்கு அது. திராட்சைக் கொடி இருபது ஆண்டு நிற்கும் பயிர். அதற்குக் குழி வெட்டும் முன்பே கணக்குப் பார்க்கிற விவசாயிக்கு உழக்காவது மிஞ்சும்.