இரட்டைத் தொட்டியும் வறண்ட பூமியும்

துணி துவைக்கும் யந்திரம் வாங்கப் புறப்படுகிறவரிடம், இரட்டைத் தொட்டி யந்திரம் வசதி குறைந்தவர்களுக்கு ஏற்பட்டது, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து முழுத் தானியங்கியாகவே வாங்கிவிடுங்கள் என்று கடைக்காரரும் உறவினரும் ஒருமுகமாக உபதேசிப்பது வழக்கமாகிவிட்டது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களைப் பொறுத்தமட்டில் இந்த உபதேசம் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம்.

இந்த யந்திரம் வந்த வழியை முதலில் பார்ப்போம். 1948-ல் பிரிட்டனின் மெர்தர் டிட்வில் ஆலையில் ஹூவர் கம்பெனியார் செய்த யந்திரம் துணியைத் துவைத்ததே தவிர, பிழிவதற்குக் கையால் சுற்றும் உருளைகளையே நம்பியிருந்தது. அமெரிக்காவின் ஸிரக்யூஸ் நகரத்து ஈஸி கம்பெனி, துவைக்க ஒன்றும் சுழற்றிப் பிழிய ஒன்றுமாக இரு தொட்டிகள் கொண்ட யந்திரத்தை விற்றுவந்தது. 1957-ல் ஹூவரும் 'ஹூவர்மாட்டிக்' என்ற பெயரில் அவ்வழிக்கே வந்தது. 1960-ல் ஜப்பானில் ஸான்யோ அதைத் தொடர்ந்தது. நம் தேசத்தில் 1980-களின் பிற்பகுதியில் வீடியோகானும், புதுச்சேரியில் ஆலை கண்ட டி.வி.எஸ். வேர்ல்பூலும் துவைக்கும் யந்திரத்தை நடுத்தரக் குடும்பங்களின் ஆசைப் பொருளாக்கின.

குளிரும் மழையும் மிகுந்த நாடுகளில் ஈரம் உலர்த்தப் பிறந்த சுழல் தொட்டிக்கு, கொடியில் போட்ட வேட்டி சிறிது நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும் இந்தக் கரிசல் பிரதேசத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது, அது உலர்த்துவதன்று, ஜலத்தைச் சிக்கனம் செய்வது. சோப்பு நீர் ஊறிய துணியை முதலில் சுழற்றிப் பிழிந்துவிட்டால், அலசுவதற்கு வேண்டிய தண்ணீர் வெகுவாகக் குறைகிறது. வெள்ளைத் துணி துவைத்த அதே நீரில் வர்ணத் துணியையும், கடைசியில் அழுக்கேறிய வேலைத் துணியையும் போடலாம். முழுத் தானியங்கியோ ஒவ்வொரு முறையும் புது நீர் கேட்பதோடு, குழாயில் அழுத்தத்தோடு நீர் வரவேண்டும் என்றும் நிர்ப்பந்திக்கிறது. நாள்கணக்கில் காத்திருந்து குடங்களிலும் டிரம்களிலும் பிடித்துவைக்கும் வீட்டில் அந்த அழுத்தத்துக்கு எங்கே போவது? இரட்டைத் தொட்டிக்கோ வாளியால் மொண்டு ஊற்றினால் போதும்.

இவ்வட்டாரத்தின் தொழிலும் இதற்கு ஒரு காரணம். நிலைமின்சாரப் பொறி ஆபத்து என்பதால் பட்டாசு ஆலைத் தொழிலாளருக்குப் பருத்தி உடையே உகந்தது. மருந்தும் அலுமினியப் பொடியும் படிந்த அவ்வுடையை வீட்டாரின் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் கடைசியில் தனியே துவைப்பதே முறை. தண்ணீர் குடித்துக் கனத்த அந்தப் பருத்தியை, பகலெல்லாம் திரி செருகிச் சோர்ந்த ஸ்திரீகள் கையால் முறுக்கிப் பிழிவது சாமான்யமான சிரமமன்று.

தமிழ்நாட்டில் 2011-ல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு இலவசமாக மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கியது. 2021 தேர்தலில் அதே கட்சி துவைக்கும் யந்திரமே தருவதாக வாக்களித்தது. இனி எக்கட்சியார் அவ்வாக்குறுதியை எடுத்தாலும், இம்மாவட்டத்துக்கு எந்த யந்திரம் என்பதை விலைப்பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்காமல், இங்கே குழாயில் தண்ணீர் வருகிற லட்சணத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்களாக.