பூந்தமல்லியில் 26 பேருக்குத் தூக்கு... 19 பேர் வெளியே வந்தது எப்படி?

நசரத்பேட்டையில் நின்றால், பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போகிற பஸ் ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட ஊர். கிழக்கே சில கிலோமீட்டரில் பூந்தமல்லி. அந்த வழக்கை விசாரித்த தடா சிறப்பு நீதிமன்றம் அங்கேதான் இருந்தது. குற்றம் நடந்த ஊருக்கும் தீர்ப்பு வந்த ஊருக்கும் நடுவில் இருக்கிறது நம்ம ஏரியா. தூக்குத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று பேச நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

1998 ஜனவரி 28. குற்றம்சாட்டப்பட்டு நின்றவர்கள் 26 பேர். 26 பேருக்கும் தூக்கு.

தடா வழக்கு என்பதால் நடுவில் உயர் நீதிமன்றம் கிடையாது, நேராக உச்ச நீதிமன்றம்தான். 1999 மே 11 அன்று அது 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சிலர் மீதிருந்த சிறு குற்றங்களுக்கு அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்த காலமே போதும் என்றது. 3 பேருக்கு ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் என 4 பேருக்கு மட்டும் தூக்கு உறுதியானது. இது தடா சட்டப்படியான பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின் கீழ் போலீஸ் எஸ்.பி. வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும்! சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமே ஆகாது.

"மேல்கோர்ட்தான் சரி பண்ணிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். மேல்கோர்ட்டும் தவறும். மகாராஷ்டிராவில் ஒரு கொலை வழக்கில், நாடோடிப் பழங்குடி சமூகத்தைச் சேர்ந்த 6 பேருக்கு 2009-ல் தூக்கு என்று சொன்னதே உச்ச நீதிமன்றம்தான். 2019 மார்ச்சில் அதே நீதிமன்றம் 6 பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர்களில் ஒருவர் சம்பவம் நடந்தபோது சிறுவன்.

பேரறிவாளன் கதை இன்னும் சிக்கல். 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2013 நவம்பரில், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே ஓர் ஆவணப்படத்தில் வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தான் எழுதாமல் விட்டதாகவும் சொன்னார். 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார்.

ஒரே ஒரு வரி. அது வெளியே வர 22 வருஷம் ஆனது. அதற்கு நடுவே, 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்காமல் இருந்திருந்தால், தியாகராஜன் யாருக்காகப் பேசியிருப்பார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பேரறிவாளனை எந்த நீதிமன்றமும் நிரபராதி என்று சொல்லவில்லை. கருணை மனு 11 வருஷம் கிடப்பில் கிடந்ததால் 2014-ல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18-ல் அரசமைப்புச் சட்டப் பிரிவு 142-ஐப் பயன்படுத்தி விடுதலை செய்தார்கள். அவர் உயிரோடு இருந்ததால்தான் இந்த வாதமே நடக்க முடிந்தது என்பதுதான் என் பாயின்ட்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், முகலிவாக்கம் வழக்குக்கு வாருங்கள். 2017 பிப்ரவரியில் 7 வயதுக் குழந்தை கொல்லப்பட்டாள். போரூர், மாங்காடு பக்கம் யாரைக் கேட்டாலும் "உடனே தூக்குல போடு" என்றுதான் சொன்னார்கள். அந்தக் கோபத்தில் தவறே இல்லை. ஒரு வருஷத்தில் செங்கல்பட்டு நீதிமன்றம் அதே ஏரியா இளைஞர் ஒருவருக்குத் தூக்கு விதித்தது. குற்றவாளி என்று சொன்ன அன்றே தண்டனையும் வந்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. சி.சி.டி.வி. காட்சியை முறையாகச் சேகரித்து நிரூபிக்கவில்லை, தடயவியல் சாட்சியம் நிற்கவில்லை, எதிர்த்தரப்புக்குப் போதிய வாய்ப்பே தரப்படவில்லை.

அப்போ குழந்தையைக் கொன்றது யார்? 8 வருஷம் கழித்து அந்தக் கேள்வி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறது. தூக்கு கேட்டு நாம் கத்திய நேரத்தில், "சி.சி.டி.வி.யை எடுத்தாச்சா?" என்று கேட்டிருந்தால் அந்தப் பெற்றோருக்கு அதிகம் உதவியிருக்கும். தூக்குத் தண்டனையை நான் எதிர்ப்பதற்குப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை. நம் ஸ்டேஷன்களில் கேஸ் கட்டும் லட்சணம்தான் காரணம்.

இதற்கிடையில் சட்டம் வேறு பக்கம் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 472-வது பிரிவு, கருணை மனு போட 30 நாள் கெடு வைக்கிறது. ஆளுநர் நிராகரித்தால், குடியரசுத் தலைவரிடம் போக 60 நாள். அவர் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. தியாகராஜனுக்கு வாய் திறக்கவே 22 வருஷம் தேவைப்பட்டது.