மேசைமேற் புகையிரதம்

விரைந்தோடுவதே புகையிரதத்தின் அழகு என்பர். அலன் றைற் என்னும் ஆங்கிலேயர் வகுத்த ‘இங்கிள்நுக்’ மாதிரிப்பாதையோ சிறு பலகையில் அடங்கும். கிளைகள் மூன்று, அவற்றில் முறையே 5, 3, 3 பெட்டிகள் நிற்கும். 8 பெட்டிகளுள் ஐந்தைக் குறித்த வரிசையிற் கோத்தல் வேண்டும், வரிசைகளோ 6,720! பெட்டிகளை மாற்றும் முனைப்பாதை எஞ்சினையும் 3 பெட்டிகளையுமே கொள்ளும்.

எஞ்சினுக்குப் பதிலாக, தொழிற்சாலைகளிற் பெட்டி நகர்த்தும் ‘டிராக்மொபைல்’ வண்டியின் மாதிரியை வைத்தால் அம்முனை இன்னுங் குறுகும். ஆனால், சக்கரங்கள் நெருங்கியிருப்பதால் பாதை பிரியுமிடத்தில் மின்சாரம் தடைப்படலாம். பாரமின்மையால் வழுக்கவுங் கூடும். மெய்யான வண்டி பெட்டியின் பாரத்தில் ஒரு பகுதியைத் தன்மேலேற்று வழுக்கலைத் தவிர்க்கும். மாதிரிக்கோ ஈயத்துண்டே துணை.

ஒருநாள் தாளிற் கோடுகீறி, எட்டுத் தீப்பெட்டிகளுடன் நாம் அமர்ந்தோம். அவசரத்தில் இழுத்ததை மும்முறை திருப்பித் தள்ளினோம். கைக்குமுன் கருத்துச் செல்லவேண்டுமென மாணவருக்கு நாளும் ஓதும் நாம், அதனை அன்றுதான் கற்றோம்.