குடல் இறங்கியதா, ஏறியதா?

மருத்துவக் கலைச்சொல் விவாதங்கள் பெரும்பாலும் தனித்தமிழா ஒலிபெயர்ப்பா என்பதில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. அச்சொல் நோயாளியின் வாய்வழியே மருத்துவரின் காதை அடையும்போது என்ன நேர்கிறது என்று கேட்போர் குறைவு.

ஹெர்னியாவைத் தமிழ் 'குடலிறக்கம்' என்கிறது. இந்திப் பேச்சுவழக்கிலும் அது 'ஆந்த் உதர்னா', அதாவது குடல் இறங்குதல்தான். தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு இவை பொருந்தும். ஆனால் நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் உதரவிதானம் கருவில் முழுமையாக மூடாதபோது நிகழ்வது நேர்மாறானது. 1848இல் பொக்டாலெக் விவரித்த பின்பக்கத் துளையின் வழியே, பெரும்பாலும் இடப்புறத்தில், குடலும் சில வேளை இரைப்பையும் மேலேறி நுரையீரலின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி. வயிற்றிலிருப்பது மேற்கட்டியைத் துளைத்து இறங்குவது எப்படி? 'உதரவிதானக் குடலிறக்கம்' தன்னைத்தானே மறுக்கும் தொடர்.

இத்துடன் நின்றால் இது இலக்கணக்காரர்களின் பொழுதுபோக்கு. சிசுப் பருவத்தில் அத்துளை தைக்கப்பட்ட ஒருவர் முப்பது வயதில் பித்தப்பைக் கல்லுக்காக வருகிறார் என்று கொள்வோம். "சின்ன வயசுல குடலிறக்க ஆபரேஷன்" என்பதே அவர் வீட்டில் கேட்டு வளர்ந்த வரலாறு. தாளில் 'ஹெர்னியா' என்று பதிவாகிறது. குழந்தைகளுக்குத் தொடையிடுக்கு ஹெர்னியா சாதாரணம் என்பதால் கேள்வி அங்கேயே நின்றுவிடக்கூடும். எதுக்களிப்பு உண்டா, நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் மிகுந்துள்ளதா, துளை மீண்டும் திறந்துள்ளதா என்பவை கேட்கப்படாமலே போகின்றன. திறந்திருந்தால், முகக்கவசம் வழியே அழுத்திச் செலுத்தும் காற்று நெஞ்சிலுள்ள இரைப்பையை உப்பச்செய்து நுரையீரலை நசுக்கும். நைட்ரஸ் ஆக்சைடு குடல்வாயுவைப் பெருக்கும். லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் நிரப்பும் கார்பன் டை ஆக்சைடு நெஞ்சுக்குள் ஏறக்கூடும். இரைப்பைக்குழாய், விரைந்த மூச்சுக்குழாய்ச் செருகல், குறைந்த காற்றழுத்தம் முதலிய தற்காப்புகளை மயக்கவியலாளர்கள் நன்கறிவர். எதிரே இருப்பவருக்கு எந்த ஹெர்னியா என்பது தெரிந்தால்தானே அவை கைகொடுக்கும்!

"உதரவிதானக் குறைபாடு உண்டா?" என்று கேட்பதாலும் பயனில்லை. தழும்பு தொடையிடுக்கிலா, விலாப் பக்கமா? பிறந்தவுடன் மூச்சுக்கருவியில் வைத்திருந்தார்களா? இவற்றுக்கு யாராலும் விடை சொல்ல முடியும். (வளர்ந்த பின்னும் கண்டறியப்படாதவர்களிடம் தழும்பே இராது, அது வேறு சிக்கல்.)

'பிதுக்கம்' திசை சுட்டாத சொல் என்பதால் மேலானது. ஆயினும் அகராதித் திருத்தம் வீடுவரை செல்வதில்லை. சிசுவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாய்க்குத் தரும் அட்டையில், அவர் படிக்கும் மொழியில், ஒரு வரி போதும்: "குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது, ஓட்டையைத் தைத்திருக்கிறோம், எந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்."