பூட்டிய பேழையுள் தமிழ்

ஒரு கணிப்பொறியில் எழுதிய தமிழ் ஆவணத்தைப் பிறிதொன்றில் திறந்து, அங்கே ஆங்கில எழுத்தும் குறிகளும் மயங்கிக் கிடக்கக் கண்டு மருளாத தமிழர் அரியர். பொறியைப் பழிப்பர் சிலர். அதனை இயக்கியவனைப் பழிப்பர் சிலர். எழுதியவனுக்குரிய ஆவணத்தின் திறவுகோல் மென்பொருள் விற்றவன் கையில் இருப்பதை எண்ணுவார் இலர்.

பாமினி எழுத்துருவையே எடுத்துக்கொள்க. அதில் ‘தமிழ்’ என்று எழுதினால் கோப்பினுள் பதிவன சே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவைப் போர்த்திக் காட்டுகின்றது. அப் போர்வை இல்லாத பொறியில் உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டு விடுகின்றது. தமிழில் எழுதுகின்றோம் என்று நம்பி ஆங்கில எழுத்தையே நிரப்பி வைத்த ஆண்டுகள் எத்துணை! எழுத்துரு செய்தவர் பலரும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறை வகுத்தமையால், ஒருவர் எழுதியது மற்றவர் பொறிக்கு விளங்காதாயிற்று. இக் குழப்பம் தீர்க்க 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியும் ‘தாம்’, ‘தாப்’ என இரண்டு முறைகளே வந்தன!

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் ககரத்தின் எண் 2965. விண்டோசாயினும் இலினக்சாயினும் மேக்காயினும் அவ்வெண் ககரமே. உயிர்மெய்க்குத் தனித்தனி இடம் தராமை அதன் குறையே. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. அவ்வழக்கைத் தனியே ஆடுக. அதுவரை ஆவணங்களைப் பழங்குறியீட்டில் கிடத்தி வைத்தல் தகாது.

எழுத்து ஒன்றானபின்னும் பேழை வேறாகவே உள்ளது. விண்டோசில் ‘லதா’ எழுத்துருவால் அமைத்த வினாத்தாளை அவ்வெழுத்துரு இல்லாத இலினக்சில் திறந்தால், வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் வந்தமரும். அதன் அகலம் வேறாகலின் வரி மடங்கும், அட்டவணை அடுத்த பக்கத்துக்கு நழுவும். மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் பழைய வேர்டு வடிவத்தின் உள்ளமைப்பை யாவரும் தடையின்றிப் பெறுமாறு வெளியிட்டது 2008-இலேதான். அதே ஆண்டில் அதன் புதிய வடிவம் உலகச் செந்தரமாயிற்று. முன்வைத்தபோது அதன் விளக்கம் ஆறாயிரம் பக்கத்துக்கு மேல்! இந்தியா அதனை எதிர்த்தே வாக்களித்தது. திறந்த ஆவண வடிவமோ 2006-இலேயே உலகச் செந்தரமாகிவிட்டது. பிரித்தானிய அரசு 2014-இல் தன் அலுவலகங்களில் திருத்தி எழுதிப் பகிரும் ஆவணங்களுக்கு அதனையே வகுத்தது. ஆங்கிலமே பேசும் அரசு தன் ஆவணத்துக்குத் தேடிய காப்பைத் தமிழ் அலுவலகங்களும் பதிப்பகங்களும் தேடாமலிருப்பது என்ன பெருந்தன்மையோ!

பழங்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. பாமினி போலப் பரவலாக வழங்கியவற்றுக்கு அவை போதும். சிறு நிறுவனங்கள் விற்று மறைந்த எழுத்துருக்களுக்கோ அவற்றின் குறியீட்டுப் பட்டியலே கிடைப்பதரிது. அத்தகைய கோப்பு வைத்திருப்போர் எழுத்துருவையும் உடன் காத்து, அக்காலத்தில் அதனால் தட்டெழுதியவர் எவரேனும் இருப்பின் அவரை அருகிருத்தி, இவ்வாண்டிலேயே மாற்றி முடித்தல் வேண்டும்.